கொட்டிவாக்கத்துக் கிணறும் ஒரு சிமிழ் கரியும்

அந்த யோசனை எனக்கு ஆய்வகத்தில் வரவில்லை. தியாகராய நகரில், அப்பாவின் ஜவுளிக்கடையில், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே பில் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது.

அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் ஒரே நிறத்தில், ஒரே கரையில் இரண்டு சேலை எடுத்து, இரண்டுக்கும் ஃபால்ஸ் தைக்கச் சொன்னார்கள்.

"மாத்திக் குடுத்துடாதீங்க. அப்புறம் என்னோடத அவ கட்டிக்கிட்டான்னு தீபாவளி வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவேன்" என்றார் அக்கா.

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?" என்றேன்.

"ஒண்ணுதான். ஆனா இது என்னுது."

கடையில் பல வருடமாக வேலை பார்க்கும் மாரியப்பண்ணன் அக்காவின் சேலை ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டார். எந்தக் கடையிலும் தினமும் செய்கிற வேலைதான். நான் பில் மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

"ஏட்டி சங்கரி, எங்க ஓடுத? கூட்டம் நிக்கு, பில்லு யாரு போடுவா?" என்று அப்பா கத்தினார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அவசரத்தில் அவருக்கு அந்தப் பேச்சுதான் வரும்.

"லேபுக்குப்பா. நூல் கட்டணும்."

"எதுக்கு?"

"பாரமீசியத்துக்கு."

அப்பா சேலை வாங்க வந்தவர்களிடம், "பிள்ளைக்குப் படிப்பு கொஞ்சம் கூடிப் போச்சு" என்று சமாதானம் சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

இப்போது நான் அந்த ஆய்வக வேலையில் இல்லை. முப்பத்திரண்டு வயதில் என்னை நானே ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்கிறேன், கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் ஆய்வுத் திட்டம் முடிந்துவிட்டது, அதை நடத்திய வசந்தா மேடம் ஓய்வு பெற்றுவிட்டார், நான் கண்ணால் பார்த்து எண்ணிய வேலையை இப்போது ஒரு கேமரா செய்கிறது. இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? அடையாறு பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் திட்ட உதவியாளராக இருந்தேன். பாரமீசியம் என்கிற ஒற்றைச் செல் உயிரி எப்படிப் பெருகுகிறது, எப்போது ஜோடி சேர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. பள்ளிப் பாடப் புத்தகத்தில் செருப்பு மாதிரி, ஓரமெல்லாம் முடியோடு ஒரு படம் இருக்குமே, அதேதான். இப்போது அங்கே படிக்கும் பவித்ரா என்ற பெண், "அக்கா, கேமரா இல்லாம எப்படிக்கா பாத்தீங்க?" என்று அடிக்கடி கேட்கிறாள். அவளுக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத எனக்கே குழம்புகிறது.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வைக்கோலைக் கொதிக்க வைத்து வடிகட்டினேன், ஆறவிட்டேன், அதில் பாக்டீரியா பெருகட்டும் என்று காத்திருந்தேன், அதைப் பாரமீசியத்துக்குத் தீனியாகக் கொடுத்தேன். மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் திறந்து வைக்காமல் ஊற்றினால் குளோரினில் எல்லாம் செத்துப்போகும் என்பதை எல்லோரையும் போல ஒருமுறை கொன்று கற்றுக்கொண்டேன். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, இழுத்து, முடி போல மெலிதாக்கி, அதன் நுனியால் ஒரே ஒரு உயிரியை உறிஞ்சி எடுக்கப் பழகினேன். அதைக் குழிவான கண்ணாடிக் கிண்ணத்தில் தனியே விட்டால் இரண்டாகும், நான்காகும், ஒரு பெரிய கூட்டமாகும். எல்லாம் அந்த ஒன்றின் வழி வந்தவை. அப்படி ஒன்றிலிருந்து வந்த கூட்டத்தை நாங்கள் வழி என்போம்.

வசந்தா மேடத்தைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே தினமும் வருவார். உங்கள் நுண்ணோக்கியில் அவர் கண் வைக்க வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் நீங்கள் பார்த்ததைக் கையால் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் கேட்க மாட்டார்.

"பேசாதே. கையால காட்டு."

அவை பிளப்பதைக் காட்ட மூடிய இரண்டு கை முஷ்டியையும் நுனியோடு நுனி முட்ட வைத்து, மெல்ல முறுக்கி, பிய்த்து எடுக்க வேண்டும். பாரமீசியம் குறுக்காகத்தான் பிளக்கும். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, முன்பாதி ஒன்றாக, பின்பாதி ஒன்றாகப் போய்விடும். ஜோடி சேர்வதைக் காட்ட இரண்டு உள்ளங்கையையும் கும்பிடுவது போலப் பக்கவாட்டில் ஒட்ட வைக்க வேண்டும். இரண்டும் வாய்ப்புறம் ஒட்டிக்கொண்டு, ஒரு பகல் ஒரு இரவு சேர்ந்தே நீந்தி, செல்லுக்குள் இருக்கும் உட்கருவில் ஒரு பங்கை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள் என்பதால்தான் இந்தக் கைப்பழக்கம். ஒருமுறை லஸ் பஸ் நிறுத்தத்தில் மேடத்தைப் பார்த்து நான் அவசரமாக உள்ளங்கைகளை ஒட்டிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் முதன்முதலில் ஒரு பிளவை முழுதாகப் பார்த்த அன்று குதித்துக்கொண்டு போய் முஷ்டிகளை முறுக்கிக் காட்டினேன். மேடம் வந்தார், பார்த்தார், நிமிர்ந்தார்.

"பேஷ். இதுல எது அம்மா?"

"முன்னாடி இருக்கிறது மேடம். பழைய வாய் அதுலதான இருக்கு."

"அப்போ பின்னாடி இருக்கறது கொழந்தையா? அதோட முதுகு நேத்திக்கே இருந்ததே."

"அப்ப... ரெண்டும் அம்மா."

"கொழந்தையே இல்லாம அம்மாவா?" என்று கேட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாளும் விடை சொல்லவில்லை. அவருக்கே தெரியாதோ என்று ரொம்ப நாள் சந்தேகப்பட்டேன். இப்போதும் அந்தச் சந்தேகம் இருக்கிறது.

ஜோடி சேர்வது இதைவிடக் குழப்பம். இரண்டு போய் ஒட்டுகின்றன, இரண்டுதான் திரும்பி வருகின்றன. எண்ணிக்கை கூடவில்லை. அப்படியானால் இதை இனப்பெருக்கம் என்பதா? மேடம், "பெருகலையே, எப்படிப் பெருக்கம்கறே?" என்பார். ஆனால் திரும்பி வருகிற இரண்டும் போன இரண்டு இல்லை. உள்ளே கரு புதிது. அதுவும் இரண்டுக்கும் ஒரே மாதிரியான கரு. போனவர்கள் யார், வந்தவர்கள் யார்?

இந்தக் கேள்வி லூர்துவின் தலையில் போய் விழுந்ததுதான் நான் சொல்ல வந்த கதை.

லூர்து எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தான். கொட்டிவாக்கத்துக்காரன். அப்பா கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பார். அவர்கள் வீட்டுப் பின்னால் உப்புக் கரிக்கும் ஒரு கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் அவன் கண்டெடுத்த ஒரு பாரமீசியத்திலிருந்து வந்த கூட்டத்தைத்தான் நாங்கள் 'கிணறு' என்று கூப்பிட்டோம். மற்றவை சுருண்டு சாகும் உப்புத் தண்ணீரில் அது ஜாலியாக நீந்தும். அது எப்படி என்பதுதான் அவன் ஆய்வு. இதற்கிடையில் கிணற்றை மூடி மேலே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். எங்கள் கிண்ணங்களில் இருப்பதைத் தவிர அந்த வழி உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக எங்களுக்குத் தெரியாது.

அந்த வழிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஜோடி சேராமல் வெறுமனே பிளந்துகொண்டே போகும் வழி ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகும். பிளவு தாமதமாகும், சரியாகப் பிய்யாமல் இரட்டையாகத் திரியும், கோணலாகப் பிறக்கும், கடைசியில் மொத்தமாகப் போய்விடும். கிணற்றில் இது எல்லாமே வரிசையாக ஆரம்பித்திருந்தது. அது போனால் லூர்துவின் இத்தனை வருட உழைப்பும் போகும். பிழைக்க இருந்த ஒரே உபாயம், பொருத்தமான வேறொரு வழியோடு ஜோடி சேர்ப்பது. தேடியதில், நந்தனத்தில் மழைக்குத் தேங்கிய ஒரு குட்டையிலிருந்து வந்த வழி பொருந்தியது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்துக் கலந்தால் உடனே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன.

"பொண்ணு புடிச்சாச்சு. அப்புறம் இன்னாடா உன் மூஞ்சி இப்டி கீது?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

"ஒட்டிக்கினு பிரிஞ்சதுக்கு அப்பால எது என் கிணறு, எது நந்தனம்? ரெண்டும் ஒரே மாரி கீது. நாளிக்கு கமிட்டில கேப்பான் இல்ல? நான் இன்னாத்த காட்டுவேன்?"

"ரெண்டுலயும்தான் கிணறு இருக்கும்."

"பாதி கிணறு வச்சிக்கினு நான் இன்னா பண்றது மச்சி? குளிக்கவா?"

இந்தப் பேச்சு மண்டையில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மாரியப்பண்ணன் சேலையில் சிவப்பு நூல் கட்டினார்.

கடையிலிருந்து ஓடி ஆய்வகத்துக்கு வந்ததும் லூர்துவிடம் சொன்னேன். ஜோடி சேர்ப்பதற்கு முன் கிணற்றுக்கு மட்டும் சிவப்புச் சாயம் போட்ட ஈஸ்ட்டைத் தின்னக் கொடுப்போம். வயிற்றில் சிவப்பு மணி மணியாகத் தெரியும். பிரிந்த பிறகு சிவப்பு மணி இருப்பதுதான் கிணறு. அவன் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. மேடம் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "எதுக்கு அடையாளம்?" என்று மட்டும் சொன்னார். அதைக் கேள்வியாகவே நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஈஸ்ட்டைச் சாயத்தோடு கொதிக்க வைத்துக் கொடுத்தோம். கிணறு அருமையாகத் தின்றது. மாதுளை முத்து மாதிரி வயிறெல்லாம் சிவப்பு. நந்தனத்தோடு கலந்தோம். கொத்தும் இல்லை, ஜோடியும் இல்லை. ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின. மறுபடி கலந்தோம். அதேதான். கிணறு கிழடாகிவிட்டது, இனி ஜோடியே சேராது என்று லூர்து கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேடம் உள்ளே வந்து, "என்ன, கையால காட்டுங்கோ" என்றார்.

நான் இரண்டு கைகளையும் தள்ளித் தள்ளி ஆட்டிக் காட்டினேன்.

"என்ன போட்டேள் அதுக்கு?"

"ஈஸ்ட் மேடம். சாயம் போட்டது."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "ஏன்டா லூர்து, பட்டினி போட்டாத்தான் ஜோடி சேரும்னு முதல் நாளே சொன்னேனோ இல்லையோ? வயிறு முட்டச் சாப்பாடு போட்டுட்டு, மணையில உக்காருன்னா எப்படி உக்காரும்? தூங்கத்தான் போகும்."

அடையாளம் வைக்கத் தின்னக் கொடுக்க வேண்டும். தின்றால் ஜோடி சேராது. ஜவுளிக்கடைக்காரன் மகளுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும் என்று லூர்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னான். சேலைக்குப் பசி இல்லை என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு சின்னப் பித்தளைச் சிமிழ் இருந்தது. திறந்தால் கறுப்பாக ஒரு விழுது.

"என்ன மேடம் இது?"

"ஆத்துல விளக்குக்கு மேல தட்டைக் கவுத்தி வெச்சேன். படிஞ்ச கரியை வழிச்சு, கோந்துத் தண்ணி விட்டுக் குழைச்சுண்டு வந்தேன். கொஞ்சமா கரைச்சு விடு. முழுங்கும். ஆனா அதுல சாப்பாடு ஒண்ணுமில்லை."

"அன்னிக்கு எதுக்கு அடையாளம்னு கேட்டீங்களே?"

"இன்னிக்கும் அதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நகராமல் அங்கேயே நின்றார்.

கிணறு கரியை விழுங்கியது. கண்ணாடி போன்ற உடம்புக்குள் மிளகு மிளகாகக் கறுப்பு. பசியும் அப்படியே இருந்தது. நந்தனத்தைச் சேர்த்ததும் கொத்தாக ஒட்டின. மதியம் கொத்து கலைந்து ஜோடிகளாகின. கறுப்பும் வெளுப்புமாக ஒட்டிக்கொண்டு, சுழன்று, ஒரே ஆளைப் போல நீந்தின. லூர்து சிலுவை போட்டுக்கொண்டான். மேடம் அன்று நிபந்தனையை மறந்து, கையால் காட்டச் சொல்லாமலே என் நுண்ணோக்கியில் குனிந்தார்.

எங்களுக்கு ஒரு பயம் இருந்தது. விழுங்கியதை அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். பிரியும்போது அடையாளம் மிஞ்சுமா? மறுநாள் காலையில் பல ஜோடிகளில் இரண்டுமே வெளுத்துப் போயிருந்தன. சிலவற்றில் மட்டும் ஒரு பக்கம் ஒன்றிரண்டு கறுப்புப் புள்ளி மிச்சமிருந்தது. அவை ஒன்றை ஒன்று விட்டு விலகிய நேரத்தில் குழாயால் உறிஞ்சி, கறுப்பை ஒரு கிண்ணத்திலும் வெளுப்பை இன்னொன்றிலும் விட்டேன். வெவ்வேறு ஜோடிகளிலிருந்து இப்படிச் சில கிண்ணங்கள் கிடைத்தன.

லூர்து கறுப்புக் கிண்ணங்களைப் பார்த்து, "வா நைனா, ஊட்டுக்கு வந்துட்ட" என்றான்.

முதல் சில பிளவுகள் முடிந்ததும் உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். கறுப்பின் வழி நீந்தியது. வெளுப்பின் வழி சுருண்டது. மறுநாள் லூர்து வீட்டிலிருந்து வஞ்சிரம் வறுவல் வந்தது. மேடம் தயிர்சாதத்தோடு தள்ளி உட்கார்ந்து, "நன்னா சாப்பிடுங்கோ, ஆனா இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுப் பாருங்கோ" என்றார்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தோம். கறுப்பும் வெளுப்பும் ஒரே மாதிரி ஆகியிருந்தன. லேசான உப்பில் இரண்டும் பிழைத்தன, கிணற்றின் உப்பில் இரண்டும் செத்தன. கிணறும் இல்லை, நந்தனமும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. முதலில் நாங்கள் பார்த்தது பழைய உடம்பில் ஒட்டியிருந்த மிச்சம்தான். உள்ளே கரு மாறிவிட்டது. உடம்பு பிளந்து பிளந்து புதிதாக ஆக, அந்த மிச்சமும் கரைந்துவிட்டது. சேலையில் நூலைச் சரியாகத்தான் கட்டினோம், சேலைதான் அது இல்லை. அதே மாதத்தில், ஜோடி சேராத பழைய கிணறு கிண்ணம் கிண்ணமாக அடங்கியது.

"செத்துடுச்சு. என் கிணறு செத்துடுச்சு" என்றான் லூர்து.

"செத்ததுன்னு யாரு சொன்னா? ரெண்டு கிண்ணத்துலயும் இருக்கே. பொழைச்சுடுத்துடா" என்றார் மேடம்.

"உப்புல உட்டா சாவுது மேடம். அது எப்டி பொழச்சதாவும்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு லூர்து சொன்னதும் சரியாகப் பட்டது, மேடம் சொன்னதும் சரியாகப் பட்டது. கைகள் தாமாக உள்ளங்கையை ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. திட்டம் முடிந்தது. மேடம் ஓய்வு பெற்றார். அப்பாவுக்கு முட்டி வலி, நான் கடைக்கு வந்துவிட்டேன். லூர்து ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமல் அவகாசம் கேட்டுக் கேட்டு, கடைசியில் காலையில் அம்மாவோடு மீன் எடுக்கப் போக ஆரம்பித்தான். இந்தத் தடவையோடு அவகாசமும் முடிகிறது. கிண்ணங்களை மட்டும் குளிர்ந்த அலமாரியில், குறைந்த தீனியில், பவித்ரா பொறுப்பில் விட்டு வந்தோம்.

போன வாரம் கடையில் இருக்கும்போது பவித்ரா ஒரு வீடியோ அனுப்பினாள். கூடவே குரல் பதிவு. "அக்கா, கழுவும்போது ரெண்டு கிண்ணம் தெரியாம கலந்துடுச்சு. உங்க முதல் ஜோடியோட வழியும் மூணாவது ஜோடியோட வழியும். கேமரா அழுக்கு, அழுக்குன்னு காட்டுது. எனக்கு அழுக்கு மாதிரி தெரியல. சண்டை போடுதா, சாகுதா?"

வீடியோவைப் பார்த்தேன். கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன.

ஜோடி சேர்ந்து வந்தவற்றின் வழி உடனே ஜோடி சேராது. பல பிளவுகள் தாண்டிப் பருவத்துக்கு வர வேண்டும். நாங்கள் கைவிட்டுப் போன பிறகு, அந்தக் கிண்ணங்களில் அவை மெதுவாகப் பருவத்துக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பாதிக் கிணறு, பாதி நந்தனம். இப்போது இவை தங்களுக்குள் ஜோடி சேர்ந்தால், சிலவற்றிலாவது கிணற்றுப் பாதியும் கிணற்றுப் பாதியும் சேர வாய்ப்பிருக்கிறது. மகனிடம் இல்லாத தாத்தாவின் மூக்கு பேரனிடம் அப்படியே வந்து நிற்பது போல. அப்படி வந்தால் அது கிணற்று உப்பில் நீந்தும்.

உடனே லூர்துவைக் கூப்பிட்டேன். பின்னால் ஏலக் கூச்சல்.

"இன்னா சங்கரி, சேல வேணாம், போன வெய்."

"டேய், கிணறு வரலாம்டா."

விளக்கினேன்.

"வரலாமா, வருமா?"

"தெரியாது. உப்பைத் தாங்குற குணம் கருவுக்குள்ள எத்தனை இடத்துல எழுதியிருக்கோ. ஒரே இடம்னா வரும். நிறைய இடம்னா... தெரியலடா."

"வந்தா அது என் கிணறா? இல்ல வேற கிணறா?"

"அதுவும் தெரியாது."

"நல்லா வெவரமா சொல்ற போ" என்றான். பிறகு குரல் மாறியது. "ஊட்டாண்ட உப்புத் தண்ணி இன்னும் வருது. கிணத்து மேல கட்டுன அபார்ட்மெண்ட்ல போர் போட்டாங்க, அவன் மோட்டார்லயும் அதே உப்புதான், வாட்ச்மேன் பொலம்பிக்கினு கீறான். ஒரு கேன் புட்ச்சாரட்டா?"

மேடத்தை வீடியோவில் கூப்பிட்டேன். ஒன்றும் பேசாமல் உள்ளங்கைகளை ஒட்டிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "கரி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

அதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை இரண்டு பக்கமும் பாதிக் கிணறு. எதற்குக் கரி கொடுப்பது? கொடுத்துத்தான் என்ன தெரியும்? எதுக்கு அடையாளம் என்று மேடம் கேட்டது கேள்விதான் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆகவே அடையாளம் ஒன்றும் வைக்கப்போவதில்லை. ஜோடி சேரவிட்டு, பிரிகிற ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் விட்டு, பழைய மிச்சமெல்லாம் கரையும்வரை பிளக்கவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து லூர்து கொண்டுவரும் தண்ணீரில் விடுவோம். நீந்துவது நீந்தட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை போகிறோம். லூர்து கேனோடு அடையாறு சிக்னலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். பவித்ராவை அன்று கேமராவை அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கிண்ணங்களுக்குத் திங்கட்கிழமை தீனி போட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. பில் யார் போடுவது என்று கேட்பார்.